சளியில்லாத வீட்டுக்குச் சளி மாத்திரை

திருத்தணி பைபாஸ் ஓரத்தில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன். கடை வேறொருவருடையது, சுவரில் மாட்டியிருக்கிற சான்றிதழில் மட்டும் என் பெயர். தினமும் பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். எதையும் சந்தேகத்தோடு பார்க்கிறவள் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். டாக்டர் சீட்டில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தாலே ஆளைக் கொல்லும் தொழில் இது, சந்தேகம் இல்லாமல் எப்படி என்று நானும் பதில் சொல்லிவிடுவேன்.

மூன்று வருடம் முன்பு மருந்துக்கடைக்காரர்களையெல்லாம் திருவள்ளூருக்கு வரச்சொல்லி ஒரு கூட்டம் போட்டார்கள். ஓர் அதிகாரி திரையில் படம் காட்டினார். சின்னச் சின்ன மாத்திரைகள், உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு பொருள். அதை ‘ஐஸ்’ என்கிறார்களாம். தூக்கத்தையும் பசியையும் கொன்றுவிட்டு ஆளை நாள்கணக்கில் ஓட்டும், பிறகு ஆளையே தின்றுவிடும் என்றார். சில சளி மாத்திரைகளில் இருக்கிற ஒரு மருந்துதான் அதற்கு மூலச்சரக்கு. உலக நாடுகள் எல்லாம் கூடி அப்படிப்பட்ட சரக்குகளைப் பட்டியல் போட்டிருக்கின்றன, ஃபாக்டரியிலிருந்து கிளம்பினால் அது எந்தக் கைக்குப் போகிறது என்று கடைசிவரை தெரிய வேண்டும், அந்தக் கடைசி இடம் நீங்கள்தான் என்றார். ஒரே மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள், வேறு கொடுத்தால் வேண்டாம் என்பவர்கள், ஆளுக்கு ஆள் காரணம் மாற்றிச் சொல்பவர்கள். இவர்கள்மேல் கண் வைக்கச் சொல்லி ஒரு போன் நம்பரும் கொடுத்தார். ஏற்கெனவே பழகிப்போனவர்களை என்ன செய்வது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அது வேறு துறை என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த படத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். அதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மணவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நடவு, களை வேலைக்குப் போகிறவள். வாரத்துக்கு இரண்டு முறை வந்து ஒரு மஞ்சள் அட்டை சளி மாத்திரை கேட்பாள். அதிகாரி சொன்ன மருந்து அதிலும் இருந்தது, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரைதான். சளிக்கு யார் சீட்டு கேட்கிறார்கள் என்று கொடுத்து வந்தேன்.

யாருக்கு என்று அவளை முதல் தடவையாகக் கேட்டேன். பையனுக்கு என்றாள். அடுத்த வாரம் மாமியாருக்கு என்றாள். அதற்கடுத்து தனக்கே என்றாள், குரல் கணீரென்றிருந்தது. வேறொரு அட்டையை எடுத்து நீட்டினேன்.

“இதுல தூக்கம் வருங்களா?”

“கொஞ்சம் வரும்.”

“அப்ப வேணாங்க. அதையே குடுங்க.”

அதிகாரி சொன்ன மூன்று அடையாளமும் இவளிடம் இருந்தன. எங்கள் கடையிலிருந்து போனவள் பஸ் ஸ்டாண்டு எதிரே இன்னொரு மருந்துக்கடையில் ஏறி இறங்கியதை நான் பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தேன். ஒருநாள் ஆந்திரா நம்பர் பைக்கில் ஓர் ஆள் அவளுக்காகக் காத்திருந்தான். எல்லை தாண்டி நகரிப் பக்கம் ஏதோ ஒரு கொட்டகை, அதில் அடுப்பு, டிரம் என்று நானே மனசுக்குள் ஓர் ஊரைக் கட்டிவிட்டேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

கிருத்திகை அன்று வந்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கூட்டம் வீதி முழுக்க. மஃப்டியில் இரண்டு ஆண்கள், ஒரு பெண் போலீஸ். எங்கள் கடைப் படியிலேயே அவள் பையைக் கவிழ்த்தார்கள். ஆறு அட்டை மாத்திரை, ஒரு கிலோ தக்காளி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ். காவடிக்காரர்கள்கூட நின்று பார்த்தார்கள். அவள் அழவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் அடுத்து என்னிடம் திரும்பினார். எத்தனை மாதமாகக் கொடுக்கிறாய், சீட்டு எங்கே, யார் கையெழுத்து என்று கேட்டார். சீட்டு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் போனதும் முதலாளி, “நீதான் போன் பண்ணியாம்மா?” என்றார்.

இல்லை என்றேன்.

அவளைச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஆனால் தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார வேண்டும். மறுநாள் அவள் புருஷன் கடைக்கு வந்தான். பைக்கில் பார்த்த ஆள் இவனில்லை. எலும்பும் தோலுமாக இருந்தான், சட்டை மட்டும் பெரிய உடம்புக்குத் தைத்தது. அந்த மாத்திரை தனக்குத்தான் என்றான்.

புனே வரைக்கும் லாரி ஓட்டுகிறவனாம். இரண்டு நாள் ஓட்டத்தை ஒன்றரை நாளில் முடிக்கச் சொல்வார்களாம். வடக்கே ஒரு தாபாவில் இன்னொரு டிரைவர் சின்ன மாத்திரை கொடுத்திருக்கிறான். போட்டால் தூக்கமே இல்லை. ஒரு வருடம் அப்படி ஓடியது. பிறகு கண்ணாடியில் எப்போதும் ஒரே கார் பின்னால் வர ஆரம்பித்தது. மலைப்பாதையில் லாரியை நிறுத்திவிட்டு ஜாக்கி ராடோடு யாரோ ஒருவருடைய காரை நோக்கி ஓடியிருக்கிறான். விஷயம் தெரிந்து மனைவி சட்டைப் பையிலிருந்ததையெல்லாம் கக்கூஸில் கொட்டியிருக்கிறாள். அது இல்லாமல் ஓட்டும்போது கண் அசந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தவள், சளி மாத்திரையும் தூக்கத்தை விரட்டும், அது கடையில் விற்கிற மருந்துதானே என்று யாரோ சொன்னதை நம்பி இதை வாங்க ஆரம்பித்திருக்கிறாள். பைக்கில் வந்தது அவளுடைய தம்பி.

நான் நம்பவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறான் என்றே நினைத்தேன். பேசும்போது நிமிஷத்துக்கொரு தரம் திரும்பி ரோட்டைப் பார்த்தான். கூட்டாளி யாராவது நிற்கிறானோ என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

“யாரைப் பாத்துகினு இருக்கீங்க?”

“அந்தக் கார் வந்து நின்னுகினு இருக்குதே, தெரியலையா?”

ரோட்டில் கார் இல்லை. ஒரு கரும்பு வண்டிதான் நின்றது.

கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போன் செய்தது நான்தான், தப்பாகச் செய்துவிட்டேன், அவளுடைய புருஷனுக்கு டாக்டர் வேண்டும் என்று அவள் காதில் விழும்படியே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். கம்ப்ளெயிண்ட் கொடுத்ததும் நீ, வக்கீலாக வருவதும் நீயா என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கும் அவர்களுக்கும் ஏதோ இருக்கிறது என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் வருகிற நாளில் மூவரும் போனோம். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். இது வியாதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பிறகு அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவது நின்றது. அதுவரை எட்டு நாள் போய் உட்கார்ந்திருக்கிறாள், எட்டு நாள் கூலி இல்லை. சீட்டு இல்லாமல் கொடுத்ததற்காக எங்கள் கடையைப் பதினைந்து நாள் மூடச் சொன்னார்கள். அது என் தப்புக்குச் சரியான தண்டனைதான். முதலாளி என்னை அனுப்பவில்லை, ஆனால் என் காதுபட போன் பேசுவதை விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒருநாள் அவளிடம் கேட்டேன், முதலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. புருஷனை அவள் ‘பாவா’ என்றுதான் சொல்வாள்.

“சளின்னு சொன்னா குடுக்குறீங்க. எங்க பாவா தூங்கக் கூடாதுன்னு சொன்னா குடுத்திருப்பீங்களா?”

கொடுத்திருக்க மாட்டேன். என்ன ஏது என்று விசாரித்திருப்பேனா, அப்போதும் போனைத்தான் எடுத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அவன் இப்போது நீண்ட ஓட்டத்துக்குப் போவதில்லை. பகலில் மட்டும் டிராக்டரில் கரும்பு லோடு அடிக்கிறான். எங்கள் கடைக்கு அவர்கள் வருவதில்லை.

போன மாதம் திருவள்ளூர் போகிற பஸ்ஸில் இருந்தேன். கனகம்மாசத்திரத்தில் அவள் ஏறினாள். என் பக்கத்து இடம்தான் காலியாக இருந்தது. கொஞ்ச தூரம் நின்றுகொண்டே வந்தவள் பிறகு உட்கார்ந்தாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“ஆங், நல்லா தூங்குறாருங்க,” என்றாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நிஜமாகவே தூங்குகிறானா, இல்லை, என் வாயை அடைக்கச் சொன்னதா என்று முகத்தில் தேடினேன். அவள் அதைக் கவனித்துவிட்டாள்.