அண்ணனின் காரும் பின் இடது சக்கரமும்

எங்கள் அண்ணன் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. பள்ளிச் சான்றிதழில் இருப்பது, சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் போட்டுவிட்ட தேதி. சாமை அறுப்பு முடிந்து களத்தில் தாள் குவிந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை என்று அம்மா சொல்வார். மலைமேல் புதூர்நாட்டை ஒட்டிய எங்கள் ஊரில் அறுப்பு முடியும் காலத்தை வைத்து, ஐப்பசியின் கடைசி வெள்ளி என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். அண்ணன் மறைந்த நாள் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. சென்ற மாசி மாதம், இரண்டாம் செவ்வாய், காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு. நான் பக்கத்தில் இருந்தேன்.

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அவற்றை எழுதுவது எளிது. அவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல இரண்டரை வருடமாக எனக்குப் பயம். காரைத் தானே பழுதுபார்க்கப் போய் அண்ணியின் கையை உடைத்தவர் என்று உங்களில் பலர் அண்ணனைப் பற்றி இன்றும் பேசுகிறீர்கள். அந்தப் பழி அவருடையது அல்ல.

அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தார். அந்த வருடமே மலையிறங்கி வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையில் சேர்ந்தார். தோல் ஊறும் பெரிய மர உருளைகளைக் கழுவும் வேலையில் தொடங்கி, அவற்றைச் சுழற்றும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் ஆனார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். ஓய்வு பெற்று அண்ணியோடு மலைக்குத் திரும்பிய பிறகும் ஊரில் அவருக்கு ‘ஃபிட்டரண்ணன்’ என்றுதான் பெயர்.

அந்தக் கறுப்புக் கார் அவருடைய முதலாளியுடையது. ஜெர்மனியில் செய்தது. முதலாளி காலமான பிறகு மூன்று வருடம் கொட்டகையில் கிடந்தது. முதலாளியின் மகன் அண்ணனைக் கூப்பிட்டு, “அண்ணே, இத கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு உட்டா எப்போ திரும்பி வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். உங்க கைக்குத்தான் இது அடங்கும், எடுத்துக்கினு போங்க” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லாரியின் முதுகில் ஏறி அந்தக் கார் எங்கள் ஊருக்கு வந்தது.

அந்த வகைக் காரைத் தாங்கிப் பிடிப்பவை காற்றடைத்த ரப்பர் பைகள். பழசானதால் இரவெல்லாம் காற்று கசிந்து, விடியும்போது வண்டி வயிறு தரையில் படப் படுத்துக் கிடக்கும். ஊரே வந்து பார்த்தது. அண்ணி வாசலில் இருந்தபடியே, “இன்னா, என் சக்களத்தி எழுந்தாளா இல்லியா?” என்று கேட்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே வண்டிக்கடியில் நுழைவார். நான்கு மாதம் போராடி, காற்றுப் பைகளை எடுத்துவிட்டு, வாணியம்பாடியில் பழைய பாகங்கள் விற்கும் பாய் ஒருவர் தேடிக் கொடுத்த இரும்பு ஸ்பிரிங்குகளை நான்கு சக்கரத்துக்கும் பொருத்தினார். வண்டி நான்கு விரல்கடை உயர்ந்து நின்றது. மழையில் ஒழுகிய மேற்கூரைக் கண்ணாடியை அடைத்தார். வளைவுகளில் பனி இறங்கும் என்பதால் முன்னால் மஞ்சள் விளக்குகள் வைத்தார். ஒன்றுக்கும் வெளி ஆள் வைத்துக்கொள்ளவில்லை.

இதில் என் பங்கு இரண்டு. நான் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் இருப்பவன். ஒவ்வொரு காலையும் முத்திரையில் தேதியை மாற்றுவதுதான் என் முதல் வேலை. நேற்றைய தேதியும் நாளைய தேதியும் அங்கே குற்றம். அந்தப் பழக்கத்தில், வண்டியில் எந்த நாள், எந்தச் சக்கரத்தில், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று ஒரு நீள நோட்டில் எழுதி வந்தேன். இன்னொன்று, ஆங்கிலத்தில் இருந்த பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழில் சொல்வது. அண்ணன் வண்டிக்கடியில் இருந்து, “எவ்ளோ இறுக்கணும்னு போட்டுக்கீது? திருப்பிச் சொல்லு” என்பார். சொல்வேன். அவர் ஒருமுறை சொன்னார்: “எனக்கு வயசாவுது. என் தலைய விட உன் நோட்டு கெட்டி. அதுல இருந்தா ஆச்சுன்னு அர்த்தம்.”

எனக்கு அந்த வண்டியைக் கண்டால் பயம். புத்தகம் படிக்கிறவனுக்கு வரும் பயம் அது. பிரேக் எப்படிப் போகும் என்று கையேட்டில் எட்டுப் பக்கம் இருந்தது. எட்டையும் நான் படித்திருந்தேன். இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் கால் தானாக வண்டியின் தரையை மிதிக்கும். அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இன்னாடா, முருகனக் கூப்புடுறியா?” என்பார். “பின்ன உன்னயா கூப்புடுவேன்?” என்பேன். அண்ணி சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

ஆனி மாதம் பிரேக் வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஓஸ் என்னும் ஒரு முழ நீள ரப்பர் குழாய் வழியாகப் போகிறது. நான்கும் வெடிப்பு விட்டிருந்தன. பாய் நான்கு புதிய ஓஸ்களை அனுப்பியிருந்தார். சரிவில் வண்டியைத் தூக்கி நிறுத்துவது ஆபத்து என்பதால் ஒரு நாளைக்கு ஒரு சக்கரம். ஓஸ் மாற்றியதும் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். அது நான்.

“அமுக்கு.”

“அமுக்கிட்டேன்.”

“புடி. வுட்டுடாத.”

“புடிச்சிக்கினுதான் கீறேன்.”

“இப்ப வுடு.”

வியாழக்கிழமை மாலையோடு மூன்று சக்கரங்கள் முடிந்தன. பின் இடது சக்கரம் மட்டும் வெள்ளிக்கிழமை. ஆனால் வெள்ளிக்கிழமை விடியற்காலை நான் கணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணியை மிதிக்கச் சொல்லி முடித்துவிடுவதாக அண்ணன் சொன்னார். மூன்று வரி எழுதிய பக்கம் குறையாக நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை இரவு, நான்காவது வரியையும் எழுதினேன். பின் இடது, புதிய ஓஸ், காற்று நீக்கப்பட்டது. எதிரில் வெள்ளிக்கிழமை தேதியைப் போட்டேன். அஞ்சலகத்தில் இத்தனை வருடத்தில் ஒருநாளும் செய்யாததை அந்த நோட்டில் செய்தேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் அந்தச் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார். ஓஸின் இணைப்பு துருவேறித் திரும்பவில்லை. துரு இளக எண்ணெய் விட்டு, நான் வந்ததும் செய்துகொள்ளலாம் என்று சக்கரத்தை மறுபடி மாட்டிவிட்டார். சனிக்கிழமை மழை பிடித்தது. நான் திரும்பியபோது விதைப்பு தொடங்கியிருந்தது. நான் கேட்கவில்லை. முடிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆவணியில் ஒருநாள் அண்ணன் நோட்டைப் புரட்டி, “நாலும் ஆச்சு இல்ல?” என்று தனக்குத்தானே சொன்னது நினைவிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றியது அவருக்கு நினைவிருந்தது. முடித்ததை நோட்டு சொன்னது.

புரட்டாசி, மூன்றாம் புதன். அண்ணிக்குக் கண் பரிசோதனை. அண்ணன் ஓட்ட, பக்கத்தில் அண்ணி, பின்னால் நான். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் அண்ணன் பிரேக்கை மிதித்தார். காலை எடுத்து மறுபடி மிதித்தார்.

“கால் எறங்குதுடா” என்றார். குரலை உயர்த்தவில்லை.

அப்போது வலப்பக்கம் பள்ளம். கையேட்டில் படித்த எட்டுப் பக்கமும் என் தலைக்குள் ஓடின. ஒன்றையும் வாயால் சொல்ல முடியவில்லை. வண்டி பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. அண்ணன் கியரைக் குறைத்தார். இடப்பக்கம் மலைச்சுவரில் வண்டியின் விலாவைச் சாய்த்து உரசவிட்டார். கல்லும் இரும்பும் உரசிய அந்தச் சத்தம் இன்றும் சில நாட்களில் என் காதில் கேட்கிறது. வளைவுக்கு ஒரு வண்டி நீளம் முன்னால் நின்றோம். அண்ணியின் இடது முன்கை முறிந்திருந்தது. நாங்கள் மூவரும் உயிரோடு இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் அண்ணியின் தம்பி எல்லோர் முன்னாலும் கேட்டார். “இன்னா மாமா, ஒரு ஸ்பேனர் செட்டு இருந்தா எல்லாரும் இன்ஜினியரா? எங்க அக்காவ இட்டுனு போயி பள்ளத்துல தள்ளிட்டு வந்துதான் உடுவீங்களா?” அக்காவின் கையைப் பார்த்த ஆத்திரம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அண்ணன், “என் தப்புதாம்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பின் இடது சக்கரத்தில் எண்ணெய் ஒழுகிய தடம் இருந்தது. குனிந்து பார்க்க விளக்கு தேடி அண்ணனின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். அடித்தட்டில், உறை பிரிக்காத ஒரு புதிய ஓஸ் இருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான்காவது வரி, என் கையெழுத்து. அந்த ஓஸை எடுத்துக்கொண்டு போய் அஞ்சலக மேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இதை நான் மறைத்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன் பிறகு அண்ணன் அந்த வண்டியைத் தொடவில்லை. புளியமரத்தடியில் தார்ப்பாய்க்குள் நின்றது. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் யாராவது, “ஃபிட்டரு வண்டில வரலியே? அப்போ உசுரோட வூடு போய்ச் சேரலாம்” என்று கேலி பேசுவார்கள். அண்ணனும் கூடச் சிரிப்பார். அந்த ஒரு பக்கத்தை அவர் யாரிடமாவது காட்டியிருந்தால் போதும், பழி என் பக்கம் திரும்பியிருக்கும். நோட்டு அவர் அலமாரியில்தான் இருந்தது. எனக்கு ஒவ்வொரு நாளும் அவர் அதைத் திறந்துவிடுவாரோ என்று பயம். ஏற்கெனவே திறந்து பார்த்திருப்பார் என்று நினைத்துப்பார்க்கும் துணிவுகூட எனக்கு இல்லை.

அடுத்த வருடம் மார்கழியில், அண்ணன் மூச்சு வாங்கிப் படுக்கத் தொடங்கிய பிறகு, இழுப்பறையில் இருந்த ஓஸை எடுத்து வந்தேன். கையேட்டைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு, என் கையால் பின் இடது சக்கரத்தைக் கழற்றினேன். ஊர் ஜீப் ஓட்டும் எங்கள் பங்காளி மேலே உட்கார்ந்து மிதித்தார். “இத யாரு ஓட்டப் போறா?” என்று கேட்டார். “யாரும் இல்ல” என்றேன். அறைக்குள் படுத்திருந்த அண்ணனுக்கு எங்கள் குரல் கேட்டிருக்கும். வேலை முடிந்து, கை கழுவி, பத்து முறை மிதித்துப் பார்த்த பிறகு நோட்டில் எழுதினேன். அதன் பிறகு வாரம் ஒருமுறை இன்ஜினை மட்டும் ஓடவிட்டு அணைத்து வந்தேன்.

மாசியின் இரண்டாம் ஞாயிறு, பொழுது விடியும் நேரம், அண்ணனுக்கு நெஞ்சு இறுகியது. ஆம்புலன்ஸ் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். ஜீப் கீழே போயிருந்தது. அண்ணன் கையால் புளியமரத்தைக் காட்டினார். “நம்ம வண்டிய எடு.”

கை முறிந்த நாளுக்குப் பிறகு அண்ணி அதில் ஏறியதில்லை. இப்போது பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து அண்ணன் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். எப்போதோ அண்ணனிடம் ஓட்டப் பழகிய நான்தான் ஓட்டினேன். அவ்வளவு பயத்தை என் வாழ்நாளில் நான் அறிந்ததில்லை. முதல் வளைவு வருவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து அண்ணன் கேட்டார்.

“பின்னாடி எடப்பக்கம் மாத்திட்டியா?”

“மாத்திட்டேண்ணே.”

“நோட்டுல எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, “மாத்தின அப்புறந்தானே எழுதுன?” என்றார்.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். திட்டவில்லை, கேலி செய்யவில்லை. வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு எத்தனை இறுக்கம் என்று கேட்பதுபோல, தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டார். புரட்டாசியிலேயே, வெடித்த பழைய ஓஸைப் பார்த்த அன்றே, நோட்டையும் பார்த்திருக்கிறார். கணியம்பாடியில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் நான் எப்படி வேலை முடிந்ததை எழுதியிருக்க முடியும் என்று புரிந்திருக்கிறது.

“ஆமாண்ணே. அப்புறந்தான் எழுதுனேன்.”

“அப்போ சரி. நேராப் பாத்து ஓட்டு.”

எல்லா வளைவிலும் பிரேக் பிடித்தது. உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டு நாள் இருந்தார். திங்கட்கிழமை பிற்பகல், அண்ணி டீ வாங்கப் போயிருந்தபோது, “அண்ணே, அந்த நோட்டு விஷயம்” என்று தொடங்கினேன். “வண்டிய நெழல்ல வுட்டியா?” என்றார். விட்டிருக்கிறேன் என்றேன். தலையசைத்துவிட்டுத் தூங்கிப்போனார். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு நடக்கவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். கேட்கும்போது இடது முன்கையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அன்னைக்கு வண்டில அவரு கேட்டது இதானா?” என்றார்.

“ஆமா அண்ணி.”

எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வீட்டை விட்டுப் போ என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். கடைசியில், “உம்மேல கோவம் கீது. அது எப்போ போவும்னு எனக்கே தெரியல. ஆனா இதுல ஒரு எழுத்து கொறைக்காம அச்சுல போடு. எந்தம்பி வூட்டுக்கு ரெண்டு புக்கா அனுப்பு” என்றார்.

அண்ணனின் கடைசி நாட்களில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கும், நாடு முழுக்கத் தேடிப் பாகங்கள் அனுப்பிய வாணியம்பாடி பாய்க்கும், எதற்கென்று தெரியாமலே பிரேக்கை மிதித்துக் கொடுத்த பங்காளிக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணியின் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அங்கே பதில் சொல்ல வேண்டியவன் உங்கள் மாமாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது. அவசரத்துக்கு யார் கேட்டாலும் எடுப்பேன். பயம் போகவில்லை. ஒவ்வொரு முறையும் மலை இறங்குமுன் நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன்.

கீழே உள்ள தேதியை, எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் இட்டேன்.

தம்பி
தை மாதம், கடைசி வெள்ளி, மாலை