காலை நீட்ட ஒரு திசை

யுத்த காலம். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த நாளில் என் காலைப் பார்த்து எனக்கே அழுகை வந்துவிட்டது. எலும்பு கூடியிருந்தது. தொடைதான் வற்றி, கைப் பருமனுக்கு வந்திருந்தது. முட்டி மடங்கவே இல்லை.

அரக்கோணத்து லேடி டாக்டர் தன் தொடைமேலேயே கைவைத்துக் காட்டினார். "முட்டி வெறும் கீல்தாம்மா. முன்தொடைச் சதை சுருங்கினா முட்டிச் சில்லை மேலே இழுக்கும், கால் நீளும். பின்தொடைச் சதை இழுத்தா மடங்கும். சதைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. தினமும் உட்கார்ந்து நீட்டி மடக்கு. இப்ப விட்டுட்டா அப்படியே இறுகிப்போயிடும்." பக்கத்தில் நின்ற என் மாமியார் ஆங், ஆங் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் காலை நீட்டினேன். "இன்னாம்மா இது, மலைக்கோயில் பக்கம் காலை நீட்டிகினு கீற? சாமி இருக்கிற எடம்!" என்றார் அதே மாமியார். நகர்ந்து திரும்பினேன். அந்தப் பக்கம் பூஜை அறை. இன்னொரு பக்கம் மாமனார். மிச்சமிருந்தது தெருவாசல், போகிறவர் வருகிறவர் என்ன சொல்வார்கள்? சரி, உயரமாக உட்கார்ந்து காலைத் தொங்கவிடலாம் என்றால், வீட்டிலிருந்த ஒரே நாற்காலி மாமனாருடையது. மருமகள் அதில் உட்காருவதாவது!

"முட்டிக்கு எண்ணெய் தேய், போதும்" என்று கிண்ணத்தைக் கொடுத்தார்கள். முட்டியில் என்ன இருக்கிறது? இழுக்கிற சதை தொடையில் அல்லவா செத்துக்கொண்டிருந்தது! சத்தம் போட்டும் பார்த்தேன். என் கணவர், "பெரியவங்க சொன்னா கேளேன்" என்றதோடு சரி.

தை பிறந்தது. நீட்டி மடக்காமல் விட்ட முட்டி, டாக்டர் சொன்னபடியே இறுகிப்போயிருந்தது. பொங்கலன்று மாமனார் விபூதித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். "மாமா கால்ல விழு" என்றார் மாமியார்.

"மடங்கலையே அத்தை."

"பெரியவங்க முன்னாடி மரமாட்டம் நின்னுகினு கீறியே, மரியாதை வேணாமா?" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினார். வலியில் உயிரே போயிற்று.

"மரியாதைக்காகத்தான் இந்தக் காலை நீட்டக் கூடாதுன்னீங்க. இப்ப அதே மரியாதைக்கு மடக்குன்னா நான் எங்க போவேன்?"

மாமனார் விபூதியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கும்பிட்டேன். அந்த முட்டி அதன் பிறகும் மடங்கவில்லை.