வக்கீலின் தங்கைக்கு ஒரு நாய்க்குட்டி

நாய்க் காப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புக் கோட்டுக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காலையில் கூண்டுகளைக் கழுவி, தட்டுகளைத் தேய்த்து, சாயந்திரம் மறுபடியும் அதே கூண்டுகளைக் கழுவுவதுதான் அவள் வேலை. ஆனால் குட்டி கேட்டு யாராவது வாசலில் வந்து நின்றால் போதும், ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து விசாரணையைத் தொடங்கிவிடுவாள். அப்படி ஒரு குறுக்கு விசாரணையைக் கோர்ட்டில்கூடப் பார்க்க முடியாது.

வீட்டில் எத்தனை பேர்? பகலில் யார் இருப்பார்கள்? சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சரியென்று சொன்னாரா, இல்லை, சொல்லிவிடுவார் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்களா? வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? இதையெல்லாம் அவள் கடுகடுவென்று கேட்கமாட்டாள். வாசலோரத்து மர பெஞ்சில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஊர்க்கதை பேசுகிற மாதிரி கேட்பாள். பதில் சொல்லிக்கொண்டே வருகிறவருக்குத் தாம் வசமாக மாட்டிக்கொண்டது பாதியில்தான் உறைக்கும்.

அதோடு ஒரு விதியும் வைத்திருந்தாள். குட்டி வேண்டுமென்றால் மூன்று தடவை வர வேண்டும். முதல் தடவை பார்க்க, அடுத்த தடவை குட்டியோடு சும்மா உட்கார்ந்திருக்க, அதற்குப் பிறகுதான் தூக்கிக்கொண்டு போக. முதல் நாளே பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது. பிள்ளை அழ ஆரம்பித்தால் பெற்றவர்களுக்கு மூளை வேலை செய்யாது என்பாள். விதியைக் கேட்டு முகம் சுளித்துத் திரும்பிப் போனவர்கள் நிறைய. கடையில் பத்து நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு இங்கே இவ்வளவு பிகுவா என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே ஊசிக்கும் பூச்சி மருந்துக்கும் ஆன செலவைக் கொடுத்தால் போதும், கடையில் கேட்கிற விலையில் அது ஒரு மூலைக்குக்கூட வராது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவசரம் என்று ஒன்று இருக்கிறதே.

இவளிடம் ஒரு நல்ல குணம். இல்லை என்று அனுப்புகிறவர்களையும் வெறுமனே அனுப்பமாட்டாள்.

"இங்க கிடைக்கலைன்னு கண்ட இடத்துல போய் வாங்கிடாதீங்க," என்பாள். "தெரிஞ்சவங்க வீட்டு நாய் குட்டி போட்டிருக்கான்னு நாலு பேர்கிட்ட கேளுங்க. எங்க போனாலும் தாயைக் காட்டச் சொல்லுங்க. காட்ட முடியாதுன்னா செருப்பை மாட்டிக்கிட்டு வந்துக்கிட்டே இருங்க. ரெண்டு மாசமாவது அது தாயோட இருந்திருக்கணும். ஊசி போட்டாச்சுன்னு வாயால சொன்னாப் போதாது. எந்த டாக்டர் போட்டாருன்னு கேட்டு அவருக்கே ஒரு போன் போடுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, பெட்டியில வச்சுத் தர்றேன்னு எவனாவது சொன்னா, அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க."

கேட்டவர்கள் அதன்படி நடந்தார்களோ இல்லையோ, அவள் சொல்லாமல் விட்டதில்லை. தினமும் வந்து போகிற டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டு, "பீஸ் வாங்காத வக்கீல்" என்று சிரிப்பார்.

இத்தனை பேச்சும் வெளியாருக்குத்தான். சொந்தத் தங்கையிடம் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிரம்பாது.

தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டபோது தங்கை பால் பல் விழாத குழந்தை. அக்காவுக்கே அப்போதுதான் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நீராவிக்கு நடுவே போர்வைகளையும் விரிப்புகளையும் அவள் மடித்துக்கொண்டிருக்க, தங்கை துணி மூட்டைமேல் படுத்துத் தூங்கிப்போவாள். கையில் வருவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. தங்கை புதுச் செருப்பு கேட்டாலும், பள்ளிச் சுற்றுலா கேட்டாலும், கண்காட்சி கேட்டாலும் அக்காவிடமிருந்து வருவது ஒரே வார்த்தைதான். "இல்லை." சொன்ன கையோடு வேறு பக்கம் திரும்பி எதையாவது மடிக்க ஆரம்பித்துவிடுவாள். தங்கையும் அதற்குமேல் கேட்டதில்லை. அக்காவுக்குக் கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தாள்.

அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்துகொடுத்து நிமிர்ந்தபோது அக்காவின் தலையில் பாதி நரைத்திருந்தது. உனக்கு எப்போது கல்யாணம் என்று கேட்பதை ஊரார் எப்போது நிறுத்தினார்கள் என்று அவளுக்கே தெரியாது. சலவைக்கூடத்து வேலையை விட்டுவிட்டுக் காப்பகத்துக்கு வந்தாள். பின்புறம் ஒரு அறையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தங்கை வீடு அங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம்தான். தங்கைக்கு மருந்துக் கடையில் வேலை, அவள் வீட்டுக்காரருக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிற வேலை. பள்ளிக்குப் போகிற ஒரே மகள். மூன்றாம் மாடியில் இரண்டே அறை. காலையில் பூட்டினால் சாயந்திரம்தான் திறப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை தனியாகத்தான் வந்தாள். முதல் தடவை பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. உள்ளே நான்கு குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒரு குட்டி வேணும். சின்னது கேட்டுக் கேட்டு உயிரை எடுக்குது."

"இல்லை."

"மூணு தடவை வர்றேன்க்கா. எல்லாரையும் போலவே வர்றேன்."

"வீடு நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கு. இல்லைன்னா இல்லைதான்."

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். சிமெண்ட் தரையில் தண்ணீர் சத்தமாக விழுந்தது. தங்கை போகாமல் நின்றாள்.

"ஊர்ல உள்ள அத்தனை பேரையும் உட்கார வச்சுப் பேசற. நான் நின்னுக்கிட்டே இருக்கேன்."

அக்கா காதில் விழாத மாதிரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது வாசல் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தங்கையிடமிருந்து போன் இல்லை. கோபம் ஆறினால் தானாக வருவாள் என்று அக்கா இருந்துவிட்டாள். இவளாகப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. வளர்த்தவள் என்ற வீம்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

ஒரு நாள் காலை கதவைத் திறக்கும்போது தங்கை வெளியே நின்றாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி. முகம் வெளுத்துப்போயிருந்தது. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் குட்டி, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தது. அடியில் விரித்திருந்த துண்டில் வாந்தியும் ரத்தமும்.

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் கொண்டுவந்து குடுத்தாருக்கா. விலை கொஞ்சம்தான்னாரு. ஊசியெல்லாம் போட்டாச்சுன்னாரு. தாய் வேற ஊர்ல இருக்குன்னாரு. மருந்துக் கடையில சாயந்திரம் வரைக்கும் இருக்கற வேலையை விட்டுட்டு, மத்தியானத்தோட வந்துடறதாப் பேசிட்டேன். வீடு பூட்டியே கிடக்கக் கூடாதுன்னுதான். இதுக்கு என்னக்கா ஆச்சு?"

வக்கீல் விசாரணை எதுவும் நடத்தாமல் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். குட்டிகளைக் கொத்தாக வாரிக்கொண்டு போகிற பார்வோ நோய். தாயைவிட்டு ரொம்ப முன்னாலேயே பிரித்திருக்கிறார்கள், ஊசி என்று ஒன்று போடவே இல்லை என்றார். பிறகு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வக்கீல், இதைத் தொட்டுட்டு அந்த நாலு குட்டி இருக்கற பக்கம் போகக் கூடாது. துணியில ஒட்டிக்கிட்டே போயிடும். இதுக்கு வேற யாரையாவது விடட்டுமா?"

"வேணாம் டாக்டர். நானே பார்த்துக்கறேன்."

கொல்லைப்புறத்தில் நோய் கண்ட நாய்களுக்கென்று ஒதுக்கிய அறை. குட்டியின் காலில் ஏற்றிய ஊசி வழியாக மருந்து நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அக்கா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். தங்கை மகள் அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருக்கிறாளாம். மூக்கு அப்படித்தான் இருந்தது. பொத்தான் என்று கூப்பிட்டால் காதை லேசாக அசைத்தது. அந்த அசைவை நம்பித்தான் அவள் அன்றைய பொழுதை ஓட்டினாள். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டபோது காது அசையவில்லை.

எத்தனையோ குட்டிகளைக் குழிவெட்டிப் புதைத்தவள் அவள். அப்போதெல்லாம் பெருமூச்சோடு முடிந்துவிடும். இந்தத் தடவை மண்ணைத் தள்ளும்போது வாய்விட்டு அழுதாள். அழுதது குட்டிக்காக மட்டுமில்லை.

குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டு, கிருமிகளைக் கொல்கிற பிளீச்சிங் திரவம் ஒரு புட்டியோடு சாயந்திரம் தங்கை வீட்டுப் படியேறினாள். கதவைத் திறந்த தங்கைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தங்கை மகள் மட்டும் புரியாமல் நின்றாள். பிறகு அவளுக்கும் புரிந்தது.

"பெரியம்மா, பொத்தானோட அம்மாவுக்கு யாரு சொல்வாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. அவ எங்க இருக்கான்னே நமக்குத் தெரியலையே."

தங்கையின் வீட்டுக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு கீழே வண்டிப் பக்கம் போனார்.

அக்கா வாளியில் தண்ணீர் பிடித்து, திரவத்தை அளவாகக் கலந்து, முழங்காலிட்டுத் தரையைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்துக்கொண்டே சொன்னாள். குட்டி படுத்த துணியை எரித்துவிட வேண்டும். இந்த நோய் தரையிலும் சுவரோரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இனி ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டுக்குள் குட்டியைக் கொண்டுவரவே கூடாது. நாய்தான் வேண்டும் என்றால், எல்லா ஊசியும் போட்டு முடித்த, வளர்ந்த நாய் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அவற்றைத்தான் யாரும் கேட்டு வருவதில்லை, பாவம். பகல் முழுக்கத் தூங்கும், பாதி நாள் ஆள் இருந்தால் போதும். ஒன்றொன்றாக, காரணத்தோடு, தங்கைக்கு விளங்குகிற மாதிரி சொன்னாள். தங்கையிடம் அவள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான் முதல் தடவை.

தங்கை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுல கால்வாசி அன்னைக்குச் சொல்லியிருக்கலாமேக்கா. கண்ட இடத்துல வாங்காதேன்னு மட்டுமாவது சொல்லியிருக்கலாமே. முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் சொல்றியே."

"நீ போய் வாங்குவேன்னு நினைக்கலடி."

அது முழு உண்மை இல்லை. அக்காவுக்கே தெரிந்தது. துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"பேசினா குடுத்துடுவேன்னு பயம்," என்றாள். "சின்னதுல இருந்தே அப்படித்தான். உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்னா எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது. செருப்பு கேட்டப்பவும் அப்படித்தான். அதான் பட்டுன்னு ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுத் திரும்பிக்குவேன்."

தங்கையின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டிருந்தது.

"சரி, மனசு இளகிக் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"என்ன ஆகியிருக்கும்? வீடு பூட்டிக் கிடக்கேன்னு மனசு கேட்காம மத்தியானம் நானே வந்திருப்பேன். ரெண்டு ஸ்டாப்தானே. அதுக்குச் சாப்பாடு வச்சுட்டு, கொஞ்ச நேரம் கூட இருந்துட்டுப் போயிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

தங்கை கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அவ்வளவுதானேக்கா," என்றாள்.

வக்கீல் குனிந்து துணியைப் பிழிந்து, கட்டிலுக்கு அடியில் விட்டுப்போன இடத்தைத் துடைக்கத் தொடங்கினாள். தங்கை வந்து வாளியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.