மன்மதனுக்கு ஒரு மலர்வளையம்

சென்ற வியாழன் கொழும்பு கொட்டாஞ்சேனையில் நல்ல மழை. சாவு ஒன்றும் இல்லை. மலர்வளையக் கடையில் வேலை செய்பவன் இதைக் குறையாகச் சொல்வது பாவம்தான்... ஆனாலும் கை சும்மா இருந்தது.

சும்மா இருந்தால் நான் என்ன செய்வேன்? 'கண்ணீர் அஞ்சலி' எழுதி மிஞ்சிய ரிப்பன் துண்டுகளில், புராணக் காதலர்களுக்கு இரங்கற்பா எழுதுவேன். வாசித்துக் காட்டத் துணிச்சல் கிடையாது — வாராவாரம் இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே! ஆணியில் மாட்டிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று மாட்டியது:

தவத்தில் இருந்தவர்மேல் அம்பு விட்டான்,
தட்டாமல் கதவைத் திறந்து கெட்டான்;
சாம்பலாய் இங்கே மன்மதன் கிடக்கிறான் —
சத்தம் வேண்டாம், ரதி இப்போதுதான் தூங்கினாள்.

பக்கத்துக் கடையில் கோயில் மாலை கட்டும் பரமேஸ்வரி எட்டி வாசித்தார். மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரர். மடியில் மல்லிகை, விரலில் நார். அவர் சிரித்தபோது மழையின் சத்தமே கொஞ்சம் மாறிய மாதிரி இருந்தது.

"பாவங்க ரதி. வேற யாரு செத்தா?"

இன்னொரு துண்டை நீட்டினேன்.

முதல் நாள் கல்யாணம், மறுநாள் களப்பலி,
மாலை வாடுமுன் அரவான் போய்விட்டான்;
அழாதீர் உறவுகளே, ஆறுதல் கொள்வீர் —
ஆல்பம் மட்டும் இன்னும் வரவில்லை.

இதற்கு அவர் சிரிக்கவில்லை.

"என்னாங்க கவிஞரே, ஒருத்தரயாச்சும் உசிரோட விடமாட்டீங்களா?"

"உயிரோட இருக்கிற ஆக்களுக்கு ரிப்பன் எழுதுறேல்லையே..."

"ஞாயித்துக்கெழம என்னைய பொண்ணு பாக்க வாறாங்க. அண்ணன் ஏற்பாடு. முடிஞ்சிருச்சுன்னா ஊருக்கே போயிருவேன்." நாரை இழுத்து முடிந்தார். "அதுக்கு முந்தி எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்க."

ரிப்பனை விரித்தேன். பிரஷ்ஷைத் தங்கநிறப் பெயின்ட்டில் தோய்த்தேன். ஓர் எழுத்தும் வரவில்லை. அடுத்த வாரம் அந்தக் கடையில் வேறு யாரோ இருப்பது போல... மழைக்குள் அந்த முகம் மங்கிப் போவது போல...

"பேப்பர்ல வாரா வாரம் எழுதுறீங்க. நேர்ல வாயே தொறக்க மாட்டீங்களே!"

மன்மதனிடமாவது அம்பு இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது?

"எழுத வரேல்ல," என்றேன். "ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கடற்கரைக்கு... என்னோட வாறீங்களா?"

அவர் கட்டிய மாலையை மடியில் வைத்தார். போனை எடுத்தார். என்னைப் பார்த்தபடியே பேசினார்.

"அண்ணே, அவங்கள வர வேணாம்னு சொல்லிருங்க."

செத்தவர்களுக்கு எழுதுவது சுலபம் வாசகர்களே, அவர்கள் மாட்டேன் என்று சொல்வதில்லை. ஆனால் உயிரோடு இருப்பவர்கள், கேட்டால் — சில சமயம் சரி என்றும் சொல்லிவிடுகிறார்கள்!