முகூர்த்த நாளில் வைத்த ஆட்டம்

ராஜபாளையத்தில் தங்கப்பாண்டியன் வேலை பார்க்கும் நூற்பு மில்லின் கேன்டீன் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஏதோ பேரிங் கம்பெனி கொடுத்தது. மாதத்துக்கு ஒரு தாள், மேலே இயந்திரத்தின் படம், கீழே தேதிகள். ஞாயிறு சிவப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. அமாவாசை கிடையாது, அஷ்டமி கிடையாது, முகூர்த்தமும் கிடையாது. அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான் அவன் ஆட்டத்துக்கு நாள் குறித்தான்.

ஆட்டம் என்றால் கிரிக்கெட்டோ கபடியோ இல்லை. ஆஸ்திரேலியக் கால்பந்து. ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. பந்து பப்பாளிப்பழம் மாதிரி நீளமாக இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், தூக்கி எறியத்தான் கூடாது. கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் பதினைந்து மீட்டருக்கு ஒரு தடவை தரையில் தட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பு நிற்கும். நடு இரண்டு கம்புக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்துக் கம்புக்குள் போனால் ஒரு புள்ளி. வெளிநாட்டில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஆடுகிறார்கள். இங்கே அவ்வளவு பேருக்கு எங்கே போவது? ஒன்பது பேர்தான்.

தங்கப்பாண்டியனுக்கு வயது இருபத்தொன்பது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். பட்டாளத்துக்கு ஆளெடுக்கும்போது மூன்று முறை போனான். மூன்று முறையும் ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தான். மூன்று முறையும் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. மூன்றாவது முறை திரும்பி வரும் வழியில் மதுரையில் இந்த ஆட்டத்துக்கு முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஊருக்கு வர மனமில்லாமல் அங்கே போய் மூன்று நாள் தங்கிவிட்டான். அங்கே யாரும் அவன் உயரத்தை அளக்கவில்லை. ஒரு பந்தோடு ஊருக்கு வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அணியைத் தொடங்கினான். அந்தப் பந்து இன்னும் இருக்கிறது, தையல் மட்டும் இரண்டு தடவை பிரித்துப் போட்டது.

ராஜபாளையத்துக்கும் ஓர் அணி உண்டு. அதன் கேப்டன் ஜோயல், அதே மில்லில் ஃபிட்டர். இரண்டு அணியும் இதுவரை ஏழு முறை மோதியிருக்கின்றன. ஏழிலும் ராஜபாளையம்தான் ஜெயித்தது. அதிலும் இரண்டு முறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்பது பேர் சேராமல் ஆடாமலே தோற்றார்கள். இந்த ஆட்டத்தை நடத்துகிற மாநிலச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது முறையும் ஆள் வராவிட்டால் அணியின் பதிவு ரத்து. பதிவு போனால் அணி போயிற்று. மில்லில் அவன் நூல் நிறைந்த கட்டையை எடுத்துவிட்டு வெறுங்கட்டையை மாட்டுகிறவன். அந்த வேலைக்கு நாளைக்கு வேறு யார் வந்து நின்றாலும் மிஷின் ஓடும். அவன் இல்லாவிட்டால் ஓடாது என்று அவனுக்கு இருந்தது இந்த அணி ஒன்றுதான்.

இரண்டு ஞாயிறுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது சங்கம். கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கேப்டன்களும் காலண்டர் முன்னால் நின்றார்கள். உனக்கு எது தோதோ அதைச் சொல்லு என்றான் ஜோயல். பிந்தின ஞாயிறு தங்கப்பாண்டியனுக்கு டூட்டி. முந்தினதைத் தொட்டுக் காட்டினான். கையெழுத்தும் போட்டான். ஜோயல் சர்ச்சுக்குப் போகிறவன், ஆவணி முகூர்த்தம் அவன் நினைப்பில் வராது. தங்கப்பாண்டியனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. காது குத்துவதற்குக்கூட நாள்காட்டியைக் கிழித்துப் பார்க்கிற ஊர்க்காரன் அவன்.

விஷயம் தெரிந்தது புதன்கிழமை. கோல் கம்புக்காகப் பந்தல் போடுகிற பால்ச்சாமியிடம் போனான். எட்டுச் சவுக்குக் கம்பு வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு, திங்கள் காலையில் திருப்பித் தந்துவிடுவேன் என்றான். பால்ச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமையா? ஏலே, ஆவணிலயே பெரிய முகூர்த்தம்லே அது. எங்கிட்ட பல்லு குத்துற குச்சிகூட மிச்சமில்ல."

தங்கப்பாண்டியனுக்குக் கம்பு மறந்துபோனது. அந்த இடத்திலேயே நின்று தன் ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். சோலைராஜ் கல்யாண வேன் ஓட்டுகிறான். இரண்டு பேர் பந்தியில் பரிமாறப் போகிறவர்கள். ஒருவன் வீடியோ எடுப்பவன். ஒருவன் மைக்செட். ஒருவன் மேடை அலங்காரம். முத்துக்குமரன் தவில் வாசிக்கிறவன். சமுத்திரம் பால்கோவா கடையில் கிண்டுகிறவன், முகூர்த்தம் வந்தால் விடியுமுன்னே அடுப்புக்குப் போய்விடுவான். அணி முழுக்கக் கல்யாணத்தால் சாப்பிடுகிற ஆட்கள். சும்மா இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்தவர்களை வைத்துத்தானே அவன் அணி அமைத்தான்? ராஜபாளையத்து அணிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மில்லிலும் பேண்டேஜ் துணி நெய்கிற இடங்களிலும் வேலை பார்ப்பவர்கள். டூட்டி விழாத ஞாயிறு லீவு என்றால் லீவு.

வீட்டுக்கு வந்து மனைவி பாண்டிசெல்வியிடம் சொன்னான். அவள் எழுந்துபோய் சுவரிலிருந்த நாள்காட்டியில் நாலு தாளைத் தூக்கிக் காட்டினாள். பச்சை எழுத்தில் சுபமுகூர்த்தம் என்று போட்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நானே தேவதானத்துல ஒரு கல்யாணத்துக்குப் போறேன்."

மறுநாள் சங்கத்துக்குப் போன் போட்டான். ஆட்டத்தை நடத்த வரும் மேற்பார்வையாளர் சென்னையிலிருந்து கிளம்ப டிக்கெட் எடுத்தாயிற்று என்றார்கள். நாள் நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதானே என்றும் கேட்டார்கள்.

அன்று மாலை வேன் ஸ்டாண்டில் சோலைராஜைப் பார்த்தான். அணியில் ஜெயிக்க வைக்கக்கூடிய ஆட்டக்காரன் என்று சொன்னால் சோலைராஜ் ஒருவன்தான். முன்னால் நிற்பவன் முதுகில் முழங்கால் வைத்து ஏறி, இரண்டாள் உயரத்தில் பந்தைப் பிடித்துவிடுவான். ஜோயலே அவனைக் கண்டு பயப்படுவான். ஆனால் சோலைராஜ் தலையைத் தூக்காமல் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாலு மாசத்துக்கு முந்தியே சொல்லி வச்ச கல்யாணம்ணே. பொண்ணு வீட்டுக்காரவிய எல்லாரும் என் வண்டில. நடுவழில எறக்கிவிட்டுட்டா வர முடியும்? ஒரு நா தள்ளி, திங்கக்கெழம வச்சிருந்தா ஒம்பது பேரும் வந்திருப்போம்."

வெள்ளிக்கிழமை மில்லில் ஜோயல் அவனைத் தனியே கூப்பிட்டான். வழக்கமாக ஜோயலுக்கு அவனைச் சீண்டாமல் சாப்பாடு இறங்காது. ஏழு எட்டாகப் போகிறது, எட்டுக்கு ஒரு கேக் வெட்டுவோமா என்று திங்கட்கிழமைகூடக் கேட்டிருந்தான். அன்றைக்குக் குரல் தாழ்ந்திருந்தது. உனக்கு ஆள் சேரவில்லையாமே, மில்லில் வேறு சிலருக்கு உன் சட்டையைப் போட்டு இறக்கிவிடட்டுமா என்றான். தங்கப்பாண்டியன் கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் செய்தான். பிறகு, மேற்பார்வையாளர் ஆட்டக்காரர் அட்டையில் இருக்கிற போட்டோவையும் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பார் என்றான்.

சனிக்கிழமை உள்ளூர் கேபிள் டிவியில் ஆட்டத்தைப் பற்றி முன்னோட்டம் எடுத்தார்கள். பத்து நாளைக்கு முன்பே தங்கப்பாண்டியன்தான் அலைந்து கேட்டு வாங்கியது. இப்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கேப்டன்களையும் பிளாஸ்டிக் பூச்செடிக்கு இரண்டு பக்கமும் உட்காரவைத்தார்கள். கேள்வி கேட்டது ஜெயசித்ரா என்ற பெண். சமையல் நிகழ்ச்சியும் அவள்தான் நடத்துகிறாள். பந்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்று கேட்டாள்.

முதலில் ஜோயல் பேசினான். எங்கள் பக்கம் உயரமான ஆள் இருக்கிறான், ஆட்டம் தொடங்கும்போது நடுவில் தூக்கிப் போடுகிற பந்து எங்களுக்குத்தான் கிடைக்கும், நானும் இடதுகாலால் ஐம்பது மீட்டர் உதைப்பேன் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். மற்ற நாளென்றால் இன்னும் அளந்திருப்பான்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் அணி எப்படிண்ணே இருக்கு? இந்தத் தடவையாவது ஜெயிப்பீங்களா?" என்றாள் ஜெயசித்ரா.

தங்கப்பாண்டியன் கேமராவைப் பார்த்தான். ஆள் வரவில்லை என்று சொல்லிவிட அது ஒரு சந்தர்ப்பம்தான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

மைதானம் வற்றின கண்மாய்க்குள் இருக்கிறது, மண் வெடித்துக் கிடக்கிறது, பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று அதில் பழகினவர்களுக்குத்தான் தெரியும் என்றான். ஆவணி மாதம், நாலு மணிக்கு மேல் மேற்கு மலையிலிருந்து மேல்காற்று இறங்கும், டாஸ் ஜெயித்தால் கிழக்கே பார்த்து உதைப்போம், முதல் பாதியிலேயே முப்பது புள்ளி எடுத்துவிட்டால் பிறகு தடுத்து ஆடினால் போதும் என்றான். சோலைராஜ் முன்னால் நிற்பான். சமுத்திரத்தின் கைக்குப் பந்து போனால் குத்தி அனுப்புவதில் குறி தப்பாது. பால்கோவாச் சட்டியில் தினமும் துடுப்பு போடுகிற கை. முத்துக்குமரன் பின்னால் நின்று தடுப்பான். இப்படி ஒன்பது பேரையும் பெயர் சொல்லி, அவரவர் நிற்கும் இடம் சொல்லி, ஒன்றுவிடாமல் சொன்னான். ஏழு ஆட்டத்துக்கு முன்னும் வராத தெளிவு அன்று அவனுக்கு வந்திருந்தது. இந்த ஒன்பது பேரும் வந்து இப்படி ஆடினால் ஜெயிக்கலாம் என்று அவனுக்கே தோன்றியது. ஜோயல் குனிந்து பூச்செடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நாலு மணிக்கு எல்லாரும் வாங்க. கண்மாய்க்கர மேல நின்னு பாத்தா நல்லாத் தெரியும்," என்று முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஊர் முழுக்க மேளச்சத்தம். தங்கப்பாண்டியன் தனியாகக் கண்மாய்க்குள் இறங்கி, நடுவில் இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் நீள்வட்டக் கோடு போட்டான். பால்ச்சாமி கொட்டகைக்குப் பின்னால் கிடந்த கோணல் கம்பு ஐந்தை இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தார். மிச்சம் மூன்றுக்கு வீட்டில் துணி காயப்போடுகிற கொடிக்கம்புகளைப் பிடுங்கிக் கொண்டுவந்து நட்டான்.

மூன்றரைக்கு ராஜபாளையம் அணி வந்தது. பச்சைச் சட்டை, எல்லார் காலிலும் ஷூ. ஸ்ரீவில்லிபுத்தூரில் முத்துக்குமரன் வந்தான். மேளம் மதியத்தோடு முடிந்ததாம். சமுத்திரம் முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டு வந்திருந்தான், உடம்பெல்லாம் பால் வாசனை. மண்டபத்து டிவியில் நேற்று ராத்திரி உங்களைக் காட்டினார்கள் என்று பரிமாறப் போன இரண்டு பேரும் போனில் சொன்னார்கள். மூன்றாவது பந்தி ஓடுகிறது என்பதையும் சொன்னார்கள். ஆக அவனையும் சேர்த்து மொத்தம் மூன்று பேர்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். வெயிலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் பார்க்கலாம் தம்பி என்றார். மேல்காற்று இறங்கிவிட்டிருந்தது, அவன் டிவியில் சொன்ன மாதிரியே.

அப்போது கண்மாய்க்கரையில் ஒரு வேன் வந்தது. முன்னால் வாழைக்குலை கட்டியிருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். ஜோயல்கூட இரண்டு எட்டு முன்னால் வந்தான். வேன் மெதுவானது. சோலைராஜ் தலையை வெளியே நீட்டி, கோட்டையும் கம்புகளையும் மூன்று பேரையும் பார்த்தான். உள்ளே பட்டுச்சேலைகள் நிறைந்திருந்தன, யாரோ ஓர் அம்மா என்னவென்று எட்டிப் பார்த்தாள். அவன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தான். புழுதி இறங்கி கோட்டின் மேல் படிந்தது.

நாலேகாலுக்கு மேற்பார்வையாளர் படிவத்தை நீட்டினார். ஆட்டம் நடக்காததற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. தங்கப்பாண்டியன் பேனாவை வாங்கினான். பிறகு முகூர்த்தம் என்று ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

ஜோயல் பக்கத்தில் வந்தான்.

"எங்க டீம்ல வந்து ஆடு மாப்ள. சட்டை இருக்கு."

"கம்ப புடுங்கணும்," என்றான் தங்கப்பாண்டியன். "பால்ச்சாமி ஆறு மணிக்குள்ள கேட்டிருக்காரு."

ஜோயல் கம்புகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ராஜபாளையத்து ஆட்களைக் கூப்பிட்டான். அவர்கள் ஒன்பது பேரும் கம்புகளை ஆட்டிப் பிடுங்கிக் கொடுத்தார்கள். எட்டுக் கம்புக்கு அவ்வளவு பேர் தேவையில்லைதான்.

ஆறரை மணிக்குத் தங்கப்பாண்டியன் வீட்டுப் பின்பக்கம் கொடிக்கம்புக்குக் குழியைக் கிண்டிக்கொண்டிருந்தான். பாண்டிசெல்வி கல்யாணத்திலிருந்து வந்து தாம்பூலப்பையை வைத்துவிட்டு டிவியைப் போட்டாள். கேபிளில் முன்னோட்டத்தை மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி பற்றாத நாளில் எதையும் இரண்டு தடவை போடுவார்கள். அவளுக்கு ஆட்டம் என்னவாயிற்று என்று தெரியாது. கேட்கவும் இல்லை, அவன் முதுகைப் பார்த்ததே போதுமாயிருந்தது.

"நல்லாத்தான் பேசியிருக்கீக," என்றாள் உள்ளேயிருந்து.

அவன் கம்பைக் குழிக்குள் இறக்கிக் காலால் மண்ணைத் தள்ளி மிதித்தான். டிவியில் அவன் குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனது. சோலைராஜ் முன்னால் நிற்பான். முத்துக்குமரன் பின்னால். ஒன்பதாவது பெயர் வரும்வரை அவன் மிதித்துக்கொண்டே இருந்தான். நாளைக்கு நாலு மணிக்கு எல்லாரும் வாங்க என்றது டிவி. பாண்டிசெல்வி நனைத்து வைத்த துணியை எடுத்துக்கொண்டு வந்து, கம்பு நிற்குமா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.