பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொன்ன செல்வி

கொச்சி மட்டாஞ்சேரியில் ஆட்டோ ஓட்டுகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு காலை, பிரசவ வலியில் இருந்த செல்வி என்ற பெண்ணையும் அவள் மாமியாரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். பாலத்தில் ஏறும்போது வண்டி திணறி நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியும் கிளம்பவில்லை. மழையில் வேறு ஆட்டோவும் வரவில்லை.

"சேட்டா, பெட்ரோல் மூடியைத் திறங்க," என்றாள் செல்வி.

"நீ பேசாம இரு," என்று மாமியார் அதட்டினார்.

வேறு வழி தெரியாமல் திறந்தேன். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போனது.

"மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கு. அதான் பெட்ரோல் இறங்கல. லூசா மூடிட்டு எடுங்க." பல்லைக் கடித்து ஒரு வலியைத் தாங்கிவிட்டுச் சொன்னாள், "தேவராவில எங்க ஒர்க்‌ஷாப்புல நான்தான் இதெல்லாம் பாக்குறது."

கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. மறுநாள் பார்க்கப் போனேன். "மூடியை மாத்தியாச்சா சேட்டா?" என்றுதான் முதலில் கேட்டாள். மாற்றிவிட்டேன் என்றபோது எனக்குப் பரீட்சையில் தேறியது போல இருந்தது.

அத்தனை வலியிலும் என் வண்டியைக் கவனித்தவள் அவள். இப்போதெல்லாம் பின் சீட்டிலிருந்து யார் என்ன சொன்னாலும் காதுகொடுத்துக் கேட்கிறேன்.