வண்டியோடு வந்த தோசைக்கல்

நான்கு வருடங்களுக்கு முன் கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில், நானும் ஒரு தோழியும் கூட்டாகத் தள்ளுவண்டி டிபன் கடை நடத்தினோம். மறைமலைநகருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எங்களிடம் தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

வண்டி, என் வளையல்களை விற்று வாங்கியது. பஞ்சர் கடைக்காரரிடம் பேசி அவர் வாசலில் இடம் பிடித்தது அவள். தோசைக்கல்லும் அவளுடையது, அவள் அம்மா புழங்கியது. அதில் நான் தோசை வார்க்கலாம், சப்பாத்தி போட மட்டும் விடமாட்டாள். விடிந்ததும் முதல் தோசையைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்போம். அப்புறம் சட்னியில் உப்பு கூட, குறைவு என்று சண்டை ஆரம்பிக்கும். எனக்கு வாய் நீளம், அவளுக்கு அதைவிட நீளம்.

முட்டுக்காட்டில் இருந்த அவள் மாமியார் படுக்கையில் விழுந்தார். குடும்பத்தோடு அங்கே போயாக வேண்டும் என்றாள். கடையைப் பிரிக்கப்போகிறோம் என்றதும் என் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வக்கீலாகிவிட்டார்கள். "இடம் அவ புட்சது. வுடமாட்டா பாரு" என்றார் என் நாத்தனார். பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டு அவளிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தது உண்மைதான். என் வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்த நேரம் அது. இடம் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பயந்துதான் போனேன்.

அவள் மாமல்லபுரம் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "எங்க குப்பத்துல கூட்டா வலை போட்டா, மீனைக் கூறு போடறவன் கடைசிலதான் எட்த்துக்கணும்க்கா. அப்பதான் கை ஒழுங்கா பிரிக்கும். நான் கூறு போடறேன், நீ மொதல்ல எட்த்துக்கோ" என்றாள்.

என் வீட்டு வாசலிலேயே பிரித்தாள். ஒரு பக்கம் கிரைண்டர், அடுப்பு, அண்டாக்கள், அதுவரை நாங்கள் சேர்த்த சேமிப்பு முழுவதும். இன்னொரு பக்கம் வண்டி. அதோடு அந்த இடமும். குறை சொல்ல முடியாத பங்கு. சேமிப்பை வைத்து அவள் முட்டுக்காட்டில் ஏதாவது ஆரம்பிக்கலாம். கடனோ உடனோ வாங்கி ஓர் அடுப்பு வாங்கிவிட்டால் நானும் பிழைத்துக்கொள்வேன். நான் எதை எடுப்பேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வண்டியின் மேல் கையை வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், வண்டியின் அடித்தட்டில் அந்தத் தோசைக்கல் இருந்தது.

"ஏன்டி, இது உங்கம்மாது. இது எப்படி பங்குல வரும்?" என்றேன்.

"கல்லு இல்லாத வண்டிய வெச்சிகினு இன்னா பண்ணுவ? உன் கைக்குப் பழகின கல்லுக்கா அது. புதுக்கல்லு பழகறதுக்குள்ள ஆளுங்க வேற கடைக்குப் போயிடுவாங்க."

எடுத்துக்கொண்டு போ என்று கையில் திணித்தேன். வாங்கவில்லை. "கூறு போட்ட அப்புறம் மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றப் போய்விட்டாள். என் நாத்தனார்தான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார்.

இப்போது முட்டுக்காட்டில், படகுத் துறைக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். எப்போதாவது போனில் பேசுகிறோம். அவளுக்கும் காலையில் கடை, எனக்கும் காலையில் கடை. நேரில் பார்ப்பது அரிதாகிவிட்டது. உப்பு கூடிப்போச்சு என்று என்னை அதட்ட ஆளில்லை. அவளை அவ்வளவு தேடுகிறது மனசு.

எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தவள், என் பங்கில் மட்டும் தன்னுடையதைக் கொஞ்சம் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். இன்றைக்கும் அந்தக் கல்லில் முதல் தோசையை எடுத்ததும் கை தானாக அதை இரண்டாகப் பிய்க்கிறது, ஒரு பாதி தட்டிலேயே ஆறிக்கொண்டிருக்கிறது.